வாழைநாரிலும் சுங்குடித் துண்டிலும் பை செய்கிறேன், இதனால் ஊரில் ஏதாவது மாறுமா?

நார்க்கூடை | செவ்வாய் இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டுப் பதில் போடுங்கள்.

நான் துணி வடிவமைப்புப் படித்தவள். முடித்ததும் வெளியூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். ஒரு சீசனுக்கு நூற்றுக்கும் மேல் டிசைன் போடுவோம், பத்துப் பதினைந்துதான் ஆர்டராகும், மற்றதற்கெல்லாம் வெட்டிய சாம்பிள் துணி மூட்டை மூட்டையாக வெளியே போகும். எங்கே போகிறது என்று ஒரு நாள் அந்த வண்டிக்குப் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். ஊருக்கு வெளியே ஓர் ஓடைக்கரையில் கொட்டி எரித்துக்கொண்டிருந்தார்கள். நான் கலர் பார்த்துத் தேர்ந்தெடுத்த துணி, நான் வரைந்த பூ. அதற்கப்புறம் அந்த வேலையில் மனம் ஒட்டவில்லை, மதுரைக்கே வந்துவிட்டேன்.

மூன்று வருடமாகத் தெற்கு மாசி வீதிக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் வேலை நடக்கிறது. சோழவந்தான் பக்கத்திலிருந்து வாழைநார் வருகிறது, மதுரையின் புள்ளி போட்ட சேலைத் துணியான சுங்குடியின் பட்டறைகளில் மிஞ்சும் துண்டுகளைக் கிலோ கணக்கில் வாங்குகிறேன். என்னோடு நான்கு அக்காமார் பின்னுகிறார்கள், தைக்கிறார்கள். பை, விளக்குக் கூண்டு, மேசை விரிப்பு, சின்னச் சின்னக் கூடைகள்.

இந்த வருடம் இரண்டு விஷயம் என்னை உலுக்கிவிட்டது. ஒன்று, ஐப்பசி அடைமழையில் அனுப்பிய 60 விளக்குக் கூண்டிலும் பூஞ்சை பிடித்து, சென்னையில் ஒரு கடை அத்தனையையும் திருப்பி அனுப்பிவிட்டது. இரண்டாவது அதைவிடக் கஷ்டம். ஒரு கண்காட்சியில் ஓர் அம்மா என் பையை 850 ரூபாய் கொடுத்து வாங்கினார். ரொம்ப நேரம் தடவிப் பார்த்தார், பூமிக்கு நல்ல வேலை செய்றம்மா என்று மனதாரச் சொன்னார். அப்புறம் அழுக்குப் படக்கூடாதென்று பக்கத்துக் கடையில் ஒரு பாலித்தீன் கவர் கேட்டு வாங்கி, பையை அதற்குள் போட்டு எடுத்துப்போனார். அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. ஆனால் நான் செய்த பொருள் அவர் வீட்டில் என்ன வேலை செய்கிறது என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

என் பையால் ஊருக்குள் ஓடும் கிருதுமால் வாய்க்காலில் ஒரு கவராவது குறைந்திருக்குமா? கைவேலையும் இயற்கைப் பொருளும் பார்க்கிறவர் மனதைத் தொட்டு, அவர் பழக்கத்தை மாற்றும் என்று நம்பித்தான் இதில் இறங்கினேன். அந்த நம்பிக்கை சரிதானா? நேராகச் சொல்லுங்கள்.

தென்கரை | செவ்வாய் இரவு 10.52

தங்கச்சி, நார் எங்கள் பக்கத்துச் சரக்கு என்பதால் நானே முதலில் வருகிறேன். எனக்கு ஒன்றரை ஏக்கர் வாழை. வாழை ஒரே ஒரு தார்தான் போடும், வெட்டியதும் மரத்தைச் சாய்த்துவிட்டுப் பக்கக்கன்றை வளரவிடுவோம். சாய்த்த அந்த மரத்தைக் கழிவு, கழிவு என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். எங்களுக்கு அது கழிவு இல்லை. துண்டுபோட்டுத் தோட்டத்திலேயே பரப்பினால் ஈரம் காக்கும், மக்கினால் சாம்பல் சத்து (பொட்டாசியம்) மண்ணுக்குத் திரும்பும். மரத்தில் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான், நாராக வருவது கொஞ்சூண்டு. மிஷின்காரர் நாரை உருவிக்கொண்டு சக்கையை ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனால் என் மண்ணுக்கு நஷ்டம், ஊருக்கு நாற்றம். அந்தச் சக்கை மக்கி என் தோட்டத்துக்கே திரும்பி வந்தால்தான் உங்கள் பை நல்ல பை. துணி வண்டிக்குப் பின்னால் போனீர்கள் அல்லவா, அதேபோல நார் வண்டிக்கு முன்னாலும் ஒரு தடவை வந்து பாருங்கள்.

அப்புறம் இன்னொன்று. எங்கள் பக்கத்து ஊர் மேலக்காலில் பி.எம்.முருகேசன் சைக்கிள் சக்கரத்தை வைத்து வாழைநாரில் கயிறு திரிக்கும் பொறியை உண்டாக்கினார், அதில் திரித்த கயிற்றில் இன்று எத்தனையோ பெண்கள் கூடை பின்னுகிறார்கள். வடிவமைப்பு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சக்கரம்தான். நாரைக் கையில் தொட்டுப் புழங்கியவருக்குத் தோன்றிய யோசனை அது.

கணக்குப்பிள்ளை | புதன் காலை 12.20

நேராகச் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். 2018-ல் டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் அமைப்பு கடைப் பைகளை ஒப்பிட்டு ஓர் அறிக்கை போட்டது. சூப்பர் மார்க்கெட் பாலித்தீன் பைக்கு ஈடாக வேண்டுமென்றால் ஒரு பருத்திப் பையை, பருவநிலைப் பாதிப்பை மட்டும் பார்த்தால் 52 முறை, எல்லாப் பாதிப்பையும் சேர்த்துப் பார்த்தால் 7,100 முறை பயன்படுத்த வேண்டும். இயற்கை வேளாண்மைப் பருத்தியென்றால் 20,000 முறை. பருத்திக்குத் தண்ணீரும் நிறையத் தேவை. ஒரு சட்டைக்கான பருத்திக்குச் சுமார் 2,700 லிட்டர் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

வீட்டுக்கு வீடு கதவுக்குப் பின்னால் பத்துத் துணிப்பை தொங்குகிறது. கல்யாணத் தாம்பூலப்பை, கடைத் திறப்புவிழாப் பை, மாநாட்டுப் பை. ஒன்றும் 52 முறை வெளியே போயிருக்காது. உங்கள் பை அழகாக இருப்பதுதான் பிரச்சினை, அழகான பொருளை ஆட்கள் பத்திரப்படுத்திவிடுவார்கள். அந்த அம்மா செய்ததும் அதுதான்.

பந்தடித்தெரு | புதன் காலை 6.30

அம்மா, வணக்கம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை சுங்குடி. நாயக்கர் மகாலுக்குப் பின்னால் இருக்கும் தெருக்களில் எங்கள் சௌராஷ்டிர சனங்களின் வீடுகளில் திண்ணையே பட்டறையாக இருந்த காலத்தைப் பார்த்தவன். என் அத்தை முடிச்சுப் போடுவதற்கென்றே கட்டைவிரல் நகத்தை வளர்த்து வைத்திருப்பார். துணியைக் கட்டம் கட்டமாக மடித்துக் குறி போட்டு, குறிக்குக் குறி நகத்தால் கிள்ளி எடுத்து, நூலால் சுற்றி இறுக்குவார். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. சாயத்தில் முக்கிக் காயவைத்து இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் முடிச்செல்லாம் படபடவென்று அவிழும், அந்தச் சத்தம் கேட்க நாங்கள் சின்னப் பிள்ளைகள் ஓடி வருவோம். கையால் முடிந்த துணியைத் தடவினால் புள்ளிக்குப் புள்ளி மேடு தட்டும்.

அதனால் ஒன்று கேட்கிறேன், வருத்தப்படாதீர்கள். முடிச்சுச் சேலையில் துண்டு மிஞ்சவே மிஞ்சாது, யாரும் வெட்டமாட்டார்கள். கிலோ கணக்கில் வருகிறதென்றால் அது முடிச்சுப் போடாமல் அச்சில் புள்ளி போட்டது, மெழுகு அச்சு, இல்லை ஸ்கிரீன் அச்சு. அதுவும் வேலைதான், அதில் பிழைக்கும் குடும்பங்கள் நிறைய. ஆனால் உங்கள் அட்டையில் சுங்குடி என்று மட்டும் போட்டால் வாங்குகிறவர் முடிச்சு என்று நினைப்பார். 2005-ல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தும் முடிச்சுப் போடும் விரல்கள் குறைந்துகொண்டே வந்ததற்கு இந்தப் பெயர்க் குழப்பமும் ஒரு காரணம். விலை வித்தியாசம் ஏன் என்று புரியாமல் வாங்குகிறவர் மலிவான அச்சை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்.

நார்க்கூடை | புதன் காலை 9.05

ஐயா, நீங்கள் சொன்னது சரி. என்னிடம் வருவது மெழுகு அச்சுத் துண்டுதான். அட்டையில் "சுங்குடி" என்றுதான் போட்டிருக்கிறேன், அது தப்பு. இன்றைக்கே மாற்றுகிறேன்.

தென்கரை அண்ணே, சக்கை எங்கே போகிறது என்று இதுவரை நான் கேட்டதே இல்லை. இந்த சனிக்கிழமை வருகிறேன்.

கணக்குப்பிள்ளை சார், 52 என்ற எண்ணை அறைச் சுவரில் எழுதி வைத்துவிட்டேன்.

சாயப்பட்டறை | புதன் பகல் 1.40

திருப்பூரில் பன்னிரண்டு வருடம் சாயத் தொழிலில் இருந்தவன் நான். நொய்யல் என்ன ஆனதென்று கண்ணால் பார்த்தேன். விவசாயத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவுநீர் தேங்கி, அந்தத் தண்ணீரை வயலுக்கு விடவே விவசாயிகள் பயந்தார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச்சொன்ன பிறகுதான் ஒரு சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்பதை எல்லோரும் மனதில் வாங்கினார்கள். சாயத்தைவிட உப்புத்தான் பெரிய கொடுமை. பருத்தியில் கலர் ஏறுவதற்காகத் தொட்டியில் கொட்டும் உப்பு முழுக்கத் தண்ணீரோடு போய்விடும். கலரையாவது பிரித்து எடுத்துவிடலாம், உப்பை எடுப்பதற்குச் செலவு கூரையைத் தொடும்.

அதனால் யாராவது இயற்கைச் சாயம் என்றாலே சந்தோஷப்படுகிறேன், ஆனால் அதிலும் கண்ணை மூடிக்கொண்டு போகாதீர்கள். கடுக்காயில் ஊறவைத்துப் படிகாரம் கொடுத்து ஏற்றினால் பரவாயில்லை. கலர் பளிச்சென்று வேண்டும் என்பதற்காகச் சிலர் மயில்துத்தம் (செம்பு உப்பு) போடுகிறார்கள், குரோமியம் உப்புப் போடுகிறார்கள். பூவிலிருந்து எடுத்த சாயம் என்று அட்டையில் இருக்கும், சாக்கடைக்குள் போவது விஷம். விறகுக் கணக்கும் உண்டு, மணிக்கணக்காகக் கொதிக்கவைக்க வேண்டும்.

நம் பக்கத்து இயற்கைச் சிவப்பு சாயவேரிலிருந்து வந்தது, இம்பூறல் என்பார்கள். அந்த வேரில் இருக்கும் முக்கியமான சாயப்பொருள் அலிசரின். 1869-ல் ஜெர்மனியில் அதையே தொழிற்சாலையில் செய்யக் கற்றுக்கொண்டார்கள். மூலக்கூறு ஒன்றுதான், ஆனால் அதன்பின் கடற்கரை மணலில் வேர் தோண்டிய குடும்பங்களுக்கு அந்த வேலை இல்லாமல் போனது. ஒரு பொருளை மாற்றினால் அதன் பின்னால் இருக்கும் ஊரே மாறும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். கெட்டதற்கு மாறியது, நல்லதற்கும் மாறலாம்.

மலைப்பாதை | புதன் இரவு 8.15

கண்காட்சிப் பொருளால் ஒன்றும் ஆகாது என்ற மாதிரி பேச்சுப் போகிறது, அதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். நான் நீலகிரிக் கூடலூர்க்காரி, வாக்கப்பட்டது மதுரையில்.

எங்கள் மலையில் உண்ணிச்செடி காட்டையே மூடிவிட்டது. வெள்ளைக்காரன் அழகுச் செடி என்று கொண்டுவந்தது. அதன் அடியில் புல் முளைக்காது, யானைக்கும் மானுக்கும் தீனி இல்லை. அந்த உண்ணிச்செடித் தண்டைக் காட்டிலிருந்து வெட்டிக்கொண்டுவந்து, வேகவைத்து, வளைத்து, கம்பிச் சட்டத்தின்மேல் சுற்றி ஆளுயரத்துக்கும் மேலே யானை செய்கிறார்கள். பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளிகர் கைகள் செய்தவை. சும்மா ஒரு யானைப் பொம்மை அல்ல, கூடலூர்ப் பக்கம் உண்மையிலேயே நடமாடுகிற யானைகளைப் பார்த்து, ஒவ்வொன்றின் காதும் முதுகும் தந்தமும் எப்படியோ அப்படியே சுப்ரா நாயர் என்ற வடிவமைப்பாளர் வரைந்து கொடுத்தவை. 2021-ல் லண்டன் பூங்காக்களில் கூட்டமாக நின்றன, 2024-ல் அமெரிக்காவுக்குப் போய் நியூயார்க் தெருவில் நின்றன. விற்ற பணம் மனிதரும் விலங்கும் சேர்ந்து வாழ்வதற்கான வேலைகளுக்குப் போகிறது.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். செய்வதற்குச் செடியை வெட்டும்போதே காடு கொஞ்சம் மூச்சுவிடுகிறது. பின்னுகிறவருக்கு அவர் ஊரிலேயே கூலி. பார்க்கிறவர் யானையின் கண்ணுக்கு எதிரில் நிற்கிறார். அந்த யானையை யாரும் கடைக்கு எடுத்துப்போய்க் காய்கறி வாங்கப்போவதில்லை, 52 முறைக் கணக்கு அதற்குப் பொருந்தாது. ஆனால் அது வேலை செய்கிறது.

இன்னொன்று, 2004 சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லில் உமா பிரஜாபதியின் துணி வடிவமைப்பு நிறுவனமான உபாசனா, மீனவப் பெண்களுக்குத் துணித்துண்டில் சுண்டுவிரல் அளவு பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. சுனாமிகா என்று பெயர். விலையே கிடையாது, கையில் கொடுப்பார்கள், விரும்பினால் நன்கொடை தரலாம். அதே இடத்தில் பிறகு மடித்துச் சட்டைப்பைக்குள் வைக்கிற துணிப்பையும் செய்தார்கள். தங்கச்சி, உங்கள் நம்பிக்கை தப்பில்லை. மனதைத் தொடுவதும் வேலைதான்.

கணக்குப்பிள்ளை | புதன் இரவு 9.00

யானை விஷயம் எனக்குத் தெரியாது, நல்ல வேலை. ஆனால் அங்கே பொருள் வருவதே பிரச்சினையிலிருந்து. இங்கே வாழைமரம் பிரச்சினை இல்லை என்று தென்கரை சொல்லிவிட்டார். பிரச்சினை பாலித்தீன். அப்படியானால் நார்ப்பை பாலித்தீன் இருக்கும் இடத்துக்கு நேராகப் போய் உட்கார வேண்டும். கண்காட்சி ஹாலில் பாலித்தீன் இல்லை, மார்க்கெட்டில் இருக்கிறது.

கல்லுப்பட்டி | வியாழன் காலை 7.10

நல்ல பேச்சு. காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பா கடைசிக் காலத்தில் எங்கள் டி.கல்லுப்பட்டியில்தான் இருந்தார். 1960 ஜனவரி 30-ல், காந்தியின் நினைவு நாளிலேயே, மறைந்தார். மண்ணெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெயில் எரிகிற விளக்கைக் கிராமத் தொழில் சங்கத்தில் செய்யவைத்தவர். இயற்கை திருப்பித் தருவதை மட்டும் எடுத்து வாழ்வது, தீர்ந்துபோகிறதை எடுத்து வாழ்வது என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். இன்றைக்குப் பெரிய பெரிய வார்த்தையில் பேசுவதையெல்லாம் எங்கள் ஊர்க் கரிசல் மண்ணில் உட்கார்ந்து சொன்ன மனிதர்.

பருத்திக்குத் தண்ணீர் ஜாஸ்தி என்பதற்கு ஒரு திருத்தம். எல்லாப் பருத்தியும் அப்படி இல்லை. கருங்கண்ணி என்று எங்கள் கரிசலின் பழைய ரகம் ஒன்று உண்டு, மானாவாரியிலேயே வரும், வானம் பார்த்த பயிர். இழை குட்டையாக இருப்பதால் மில்லுக்குப் பிடிக்கவில்லை, கைராட்டைக்கும் கொஞ்சம் தடிமனான கைத்தறித் துணிக்கும் நன்றாகவே வரும். பையின் உள்துணிக்கு மென்மை எதற்கு? கருங்கண்ணித் துணி கேட்கிற ஆள் இருந்தால்தான் விதைக்கிற ஆளும் இருப்பார்.

பொருள் வழியாக மனதை மாற்ற முடியுமா என்று மதுரையில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள். 1921 செப்டம்பர் 22-ல் மேலமாசி வீதி வீட்டிலிருந்து காந்தி வேட்டி மட்டும் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். அவர் அதைக் காட்சிக்கு வைக்கவில்லை, கடைசிவரை தினமும் அதையே கட்டினார்.

பூக்காரி மகள் | வியாழன் இரவு 11.35

எல்லோரும் பெரிய விஷயங்கள் பேசுகிறீர்கள், நான் எங்கள் வீட்டு விஷயத்தைச் சொல்கிறேன்.

அம்மா முப்பது வருடமாகப் பூ கட்டி விற்கிறார். காலை நான்கு மணிக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இருப்பார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வாழைநாரைத் தண்ணீரில் நனைத்துக் கிழித்துக் கிழித்துத்தான் பூ கட்டுவார், அம்மா விரலில் எப்போதும் அந்த வாடை இருக்கும். கேட்கிறவருக்கு முழம் போட்டு வாழையிலையில் வைத்து அதே நாரால் கட்டிக் கொடுப்பார். இப்போது நூல்கண்டு. இலைக்குப் பதில் சின்னக் கவர். கவரில் போட்ட மல்லி வேர்த்துப்போய்ச் சீக்கிரம் பழுப்பு அடிக்கும், அது அம்மாவுக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். 2013-ல் மதுரை மல்லிக்கும் புவிசார் குறியீடு கிடைத்ததாம், அதை இன்னமும் கவரில்தான் போடுகிறோம். கவர் சல்லிசு, இலை வாங்கப் போகவேண்டும், துடைக்கவேண்டும், கிழிக்கவேண்டும். அதற்கு நேரம் இல்லை.

மார்க்கெட்டிலிருந்து பூ கொண்டுவரும் கட்டைப்பை மூன்று மாதத்தில் கைப்பிடி அறுந்துவிடும். பூவின் ஈரத்தில் அடியும் கிழியும். வருடத்துக்கு நான்கு பை. அம்மா மாதிரி அங்கே எத்தனை பேர்!

அக்கா, உங்கள் பை ஒரு தடவையாவது அந்த மார்க்கெட்டுக்குள் வந்திருக்கிறதா? ஒரு பூக்காரம்மா வாங்குகிற விலையில் உங்களால் செய்ய முடியுமா? அம்மாவுக்கு 52 முறை ஆக 52 நாள்தான்.

சாயப்பட்டறை | வெள்ளி காலை 6.50

பூக்காரி மகள் எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மார்க்கெட்டில் விற்காத செண்டுமல்லி மலைபோல் குவியுமே, அதைச் சாயத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கடுக்காயும் படிகாரமும் கொடுத்த துணியில் நல்ல மஞ்சள் ஏறும். வெயிலில் நாளாக நாளாக வெளுக்கும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பையின் வாருக்கு அது போதும்.

உளிச்சத்தம் | வெள்ளி காலை 10.20

தச்சு வேலை பார்க்கிறேன். பூஞ்சைக்கு: நார் முழுதாகக் காயாமல் பின்னியிருப்பீர்கள். பின்னிய பிறகு காயவைத்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வராது. நாராக இருக்கும்போதே நான்கு நாள் நல்ல வெயில் காட்டுங்கள். அட்டைப்பெட்டியில் பிளாஸ்டிக் சுற்றி அனுப்பினாலும் உள்ளே வேர்க்கும். விளக்குக் கூண்டுக்கு மேல்பூச்சு வேண்டுமென்றால் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து இரண்டு கை அடியுங்கள், பழைய மேசை நாற்காலிக்கு அடிக்கிற பாலிஷ் அதுதான். கடையில் விற்கிற பி.யு. (பாலியூரிதேன்) பூச்சை அடித்தால் பளபளக்கும், ஆனால் நாரை பிளாஸ்டிக்கில் முக்கி எடுத்த மாதிரி, மக்காது. தினமும் நனைகிற பைக்கு அரக்கும் ஆகாது, வெள்ளை பூத்துவிடும். பைக்கு வேறு வழி பாருங்கள்.

பந்தடித்தெரு | வெள்ளி பகல் 2.15

நனைகிற பொருளுக்குப் பனைதான். கருப்பட்டி ஓலைக் கொட்டானில் வந்தது, மீன் பனைநார்க் கூடையில் வந்தது. செட்டிநாட்டில் கல்யாணத்துக்குக் கொட்டான் முடையும் பழக்கம் அழியப்போகிற நேரத்தில் விசாலாட்சி ராமசாமி அம்மாள் வயதானவர்களைத் தேடிப்போய்ச் சின்னப் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கவைத்தார், இன்று அதற்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. அடி பனைநாரிலும் உடம்பு வாழைநாரிலும் வைத்துப் பாருங்கள். சாயல்குடிப் பக்கம் முடைகிறவர்கள் இருக்கிறார்கள்.

நார்க்கூடை | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு இரவு 9.30

தாமதமாக வருகிறேன், வேலையில் இருந்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

தென்கரை அண்ணன் தோட்டத்துக்குப் போனேன். நார் எடுக்கும் இடத்தில் சக்கை ஒரு வாய்க்கால் ஓரமாகத்தான் குவிந்து கிடந்தது, தண்ணீர் கறுத்துப்போய் ஓடியது. அதைப் பார்த்தபோது அந்த ஓடைக்கரை ஞாபகம்தான் வந்தது. நாருக்குக் கிலோவுக்கு இத்தனை என்று கூடக் கொடுக்கிறேன், சக்கை குழியில் மக்கித் தோட்டத்துக்குத் திரும்ப வேண்டும் என்று பேசி முடித்திருக்கிறேன். மிஷின்காரர் முதலில் முறைத்தார், அப்புறம் எருவை விற்கலாம் என்று தெரிந்ததும் ஒத்துக்கொண்டார்.

பூக்காரி மகள், உங்கள் அம்மாவோடு மூன்று நாள் விடிகாலையில் மார்க்கெட்டில் நின்றேன். இத்தனை வருடம் மதுரையில் பிறந்து வளர்ந்தும் அந்த நேரத்தில் அங்கே நான் போனதில்லை. பத்துப் பை செய்து பத்துப் பேரிடம் கொடுத்தேன், காசு வாங்கவில்லை, பயன்படுத்திவிட்டுக் குறை சொல்லவேண்டும் என்பது மட்டும்தான் பேச்சு. குறை நிறையவே சொன்னார்கள். வார் அகலம் பத்தாது, தோளை அறுக்கிறது. வாய் அகலமாக இருப்பதால் பஸ்ஸில் பூ கொட்டுகிறது. நனைந்தால் பையே ஒரு கிலோ கனக்கிறது என்றார் ஓர் அம்மா. ராத்திரி உள்ளே வைத்தால் வாடை அடிக்கிறது, வெயிலில் கவிழ்த்தால் சரியாகிறது. உங்கள் அம்மா சொன்னதுதான் பெரிய விஷயம்: பையின் உள்ளே ஓரத்தில் கிழித்த நாரைச் செருகிவைக்க ஒரு மடிப்புக் கொடு, கைக்கு எட்டுகிற மாதிரி நார் இருந்தால் நான் நாரிலேயே கட்டுவேன், நூல்கண்டு எதற்கு என்றார். எனக்கு இது தோன்றவே இல்லை. நாரை வைத்து மூன்று வருடமாக வேலை செய்கிறேன், பூ கட்டுகிற நாரை அந்தக் கைகளிடம் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. பின்னலுக்கு ஆகாத குட்டை நார் என்னிடம் மூட்டையாகக் கிடக்கிறது, பூ கட்ட அது போதும்.

இரண்டாவது முறை செய்த பையில் அடியைப் பனைநாரில் வைத்தேன், தண்ணீர் வடிந்துவிடுகிறது, கனம் குறைந்தது. வார் கருங்கண்ணித் துணியில், செண்டுமல்லி மஞ்சளில். விலை இன்னும் இடிக்கிறது. அக்காமார் கூலியில் கைவைக்கமாட்டேன், அது முடிவு. அதனால் கண்காட்சிப் பையின் லாபத்திலிருந்து ஒரு பங்கு மார்க்கெட் பைக்குப் போகும் என்று வைத்திருக்கிறேன், கைப்பிடி அறுந்தால் நானே திருப்பிப் பின்னித் தருவேன். மலைப்பாதை அக்கா சொன்னதும் கணக்குப்பிள்ளை சார் சொன்னதும் எனக்கு இப்படித்தான் சேர்ந்து வந்தது. அட்டையில் இப்போது "மெழுகு அச்சுத் துண்டு, மதுரை" என்று இருக்கிறது. முடிச்சுத் துணி பத்து மீட்டர் தனியாகச் சொல்லியிருக்கிறேன், பந்தடித்தெரு ஐயா காட்டிய வீட்டில், அவர்கள் கேட்ட கூலிக்கு.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு இரவு 10.05

டென்மார்க் கணக்கில் நான் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன், அதைச் சொல்லவேண்டியது என் கடமை. அந்த அறிக்கை தெருவிலும் தண்ணீரிலும் விழுகிற பையைக் கணக்கில் எடுக்கவில்லை. அங்கே குப்பையை எரித்து மின்சாரமும் வெப்பமும் எடுக்கிறார்கள். இங்கே கவர் வைகைக்கும் மாட்டு வயிற்றுக்கும் போகிறது. 7,100 என்பது நம் ஊர்க் கணக்கு ஆகாது. 52-ஐ மட்டும் சுவரில் வைத்துக்கொள்ளுங்கள்.

பூக்காரி மகள் | ஞாயிறு இரவு 10.40

அக்கா, அம்மா இன்றைக்கு நாரில் கட்டினார். மடிப்பு இடது பக்கம் இருக்கிறது, அம்மா இடதுகையில் பூ வைத்து வலதுகையில் முடிச்சுப் போடுவார், அதனால் வலது பக்கம் வேண்டுமாம். அடுத்த பையில் மாற்றிவிடுங்கள்.

நார்க்கூடை | ஞாயிறு இரவு 10.48

மாற்றிவிடுகிறேன். புதன்கிழமை காலை நாலரைக்கு, மல்லிக் கடைகள் வரிசையில் நிற்பேன்.